அன்னா ஜூலியா கூப்பர் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்து ராலி நகரில், 1858-ஆம் ஆண்டு அடிமைத் தாய் ஒருத்தியின் வயிற்றில் பிறந்தவர் அன்னா ஜூலியா. தாயின் பெயர் ஹன்னா. தாய் அடிமையாயின் சேயும் அடிமையே என்பது அந்நாளைய சட்டம். உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டில் முடிந்து அடிமைத்தளை அறுந்த பின்னரே அச்சிறுமிக்குக் கல்வி வாய்த்தது.

அவர் சேர்ந்த புனித அகஸ்டின் பள்ளியில், கிரேக்க வகுப்பு சமயப்பணி பயிலும் ஆடவர்க்கே உரியதாய் இருந்தது. அன்னா விடாது முறையிட்டு அதில் இடம் பெற்றார். ஜார்ஜ் கூப்பர் என்பாரை 1877-ஆம் ஆண்டு மணந்தார். ஈராண்டில் கைம்மை எய்தினார். பின்னர் ஓபர்லின் கல்லூரியை அடைந்து, பெண்டிர்க்கென வகுத்த எளிய பாடத்தை ஒதுக்கி, ஆடவர் பயிலும் முழுப்பாடத்தையே கற்று 1884-இல் பட்டம் பெற்றார்.

வாஷிங்டன் நகரில் கறுப்பின மாணாக்கர்க்குரிய எம் தெரு உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கிருந்தபோது, 1892-இல், ‘தெற்கிலிருந்து ஒரு குரல்’ என்னும் நூலை வெளியிட்டார். கறுப்பினப் பெண்டிரின் நிலையைப் பிறர் எடுத்துரைத்தல் போதாது, அவர்களே உரைத்தல் வேண்டும் என்பது அந்நூலின் கருத்து.

அம்மையார் 1902-இல் அப்பள்ளியின் தலைவரானார். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் போதும், உயர்கல்வி வேண்டா என்று பலர் வாதிட்ட காலம் அது. அம்மையாரோ இலத்தீனும் கணிதமும் குறைவறக் கற்பித்தார். அவருடைய மாணாக்கர் ஹார்வர்டு முதலிய பெருங்கல்லூரிகளில் இடம் பெற்றனர். இது மேலதிகாரிகள் சிலர்க்குப் பொறுக்கவில்லை. ஒழுங்கு குன்றியது முதலாகக் குற்றங்கள் பல சாட்டப்பட்டன. 1906-இல் பதவி பறிபோயிற்று. நான்காண்டுகள் மிசௌரி மாநிலத்தில் கற்பித்துவிட்டு, தாம் தலைமை வகித்த அதே பள்ளிக்கு 1910-இல் இலத்தீன் ஆசிரியையாக மீண்டார். அஃது எளிய செயலன்று.

ஐம்பத்தேழாம் வயதில், உறவினர் குழந்தைகள் ஐவரை வளர்க்கும் பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. அதனால் முன்னரே தொடங்கிய ஆராய்ச்சி தடைப்பட்டது. ஆயினும் அவர் அதனைக் கைவிட்டாரல்லர். பிரெஞ்சுப் புரட்சியின் போது அந்நாட்டார் அடிமைமுறையை எவ்வாறு கருதினர் என்பதை ஆராய்ந்து, பிரெஞ்சு மொழியிலேயே நூலாக்கினார். மனித உரிமை பேசிய புரட்சியாளர், கரிபியன் தீவுகளிற் கரும்புத் தோட்டங்களில் உழன்ற அடிமைகள்பால் காட்டிய தயக்கத்தை அந்நூல் வெளிப்படுத்தியது. பாரிசுப் பல்கலைக்கழகம் 1925-இல் அவரை முனைவராக்கியது. அடிமையாய்ப் பிறந்த அவருக்கு வயது அப்போது அறுபத்தாறு.

பகலெல்லாம் உழைக்கும் எளியோர் மாலையிற் பயிலும் பிரிலிங்ஹைசன் பல்கலைக்கழகத்தின் தலைமையை 1930-இல் ஏற்றார். பொருள்முட்டு நேர்ந்தபோது தம் வீட்டையே வகுப்பறையாக்கினார். எழுத்தறியாதார்க்கென அங்கே தனிப் பள்ளியொன்றும் அமைத்தார். 1964-இல் நூற்றைந்து வயதில் மறைந்த அவ்வம்மையார் அப்பள்ளிக்கு இட்ட பெயர், தம் தாய் ஹன்னாவின் பெயரே.