நீலமலைக்கு வழி வகுத்த ஜான் சல்லிவன்

காவிரிக் கரையிலுள்ள நம் கொடுமுடி, பெயரில் மலையுச்சியைத் தாங்கி, நிலத்தில் சமவெளியாய் விளங்கும் ஊராகும். வாயுவுக்கும் ஆதிசேடனுக்கும் நிகழ்ந்த போட்டியில் மேருவின் சிகரத் துண்டொன்று இங்கு வந்து வீழ்ந்தது என்பது தலபுராணச் செய்தி. அஃது எவ்வாறாயினும், மலைக்கும் இவ்வூருக்கும் கண்கூடான தொடர்பொன்று உண்டு. நீலமலையிற் பெய்யும் மழை, மாயாறாகவும் வேறு பல ஓடைகளாகவும் இழிந்து, பவானியிற் கலந்து, கூடுதுறையிற் காவிரியை அடைந்து, நம் படித்துறைகளைத் தழுவிச் செல்கின்றது. அந்நீர் பிறக்கும் மலைக்குப் பாதை வகுத்த கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவனின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

சல்லிவன் 1788-ஆம் ஆண்டில் இலண்டன் நகரிற் பிறந்தார். மீசை அரும்பும் பருவத்திலேயே, 1804-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகச் சென்னை மாகாணப் பணியில் அமர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, 1815 முதல் ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் கோயமுத்தூர் ஜில்லாவை நிருவகித்தார்.

அந்நாளில் நீலமலை, சமவெளியிலிருந்த துரைமக்களுக்குக் கண்ணுக்கு அணித்தாகவும் காலுக்குச் சேய்த்தாகவும் இருந்தது. அம்மலை எரிமலையன்று, மிகப் பழைய பாறை நிலம் மேலெழுந்து உண்டான பீடபூமி. ஆயினும், நெருப்புக் கக்கும் மலையை அஞ்சுவார்போல அதன் அடிவாரத்தைப் பலரும் அஞ்சினர். அங்கு அடர்ந்திருந்த காட்டிற் கொடிய காய்ச்சல் குடிகொண்டிருந்தது. அக்காய்ச்சல் தீய காற்றால் வருவதென்றே அக்காலத்தார் எண்ணினர். அதனைப் பரப்புவது கொசு என்னும் உண்மையை ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டிலன்றோ நிறுவினார்!

சல்லிவன் கண்மூடித் துணிந்தவரல்லர். தமக்கு முன் சென்றவர் கண்டவற்றை அவர் துணைக்கொண்டார். 1603-ஆம் ஆண்டிலேயே பினிசியோ என்னும் இயேசு சபைக் குரு மலையாளக் கரையிலிருந்து ஏறித் தொதவரைக் கண்டிருந்தார். 1812-ஆம் ஆண்டிற் கீஸ் என்னும் நில அளவையாளர் மலையின் ஒரு பகுதியை அளந்திருந்தார். 1818-ஆம் ஆண்டில் சல்லிவனின் உதவி அலுவலர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்போர் மேலேறி, ஆங்கு நிலவும் குளிர்ச்சியை மீண்டு வந்து கூறினர். மழை ஓய்ந்து பாறைகள் உலர்ந்திருக்கும் சனவரித் திங்களில், 1819-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சல்லிவன் தம் குழுவினருடன் புறப்பட்டுக் கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியை அடைந்தார்.

ஒருமுறை கண்டதோடு அவர் அமைந்தாரல்லர். அவ்வாண்டிலேயே, உடல்நலங் குன்றியிருந்த லெசனோ என்னும் பிரஞ்சு இயற்கை நூலறிஞரை உடனழைத்து மீண்டும் சென்றார். மலைக்காற்றில் அவ்வறிஞர் நலம் பெற்றார். கோத்தகிரிப் பக்கத்துக் கண்ணேரிமுக்கில் சல்லிவன் ஒரு மனை எழுப்பினார். அஃது இன்று அவர்தம் நினைவு இல்லமாக நிற்கின்றது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குச் செல்லும் பாதை 1823-ஆம் ஆண்டில் முடிவுற்றது. உதகையில் அவர் கட்டிய கல் வீடும், தேக்கிய ஏரியும், பயிரிடுவித்த உருளைக்கிழங்கு முதலியனவும் மலையின் தோற்றத்தையே மாற்றின.

இதுகாறும் கூறியது புகழ்ப்பக்கம். மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. சல்லிவன் சென்ற மலை ஆளில்லாக் காடன்று. தொதவர் எருமை மேய்த்தனர்; கோத்தர் இரும்படித்தனர்; படகர் உழுதனர்; குறும்பரும் இருளரும் காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்திருந்தனர். ஆகவே அவர் புதுமலை கண்டவரல்லர். பிறர் வாழ்ந்த மலைக்குச் சமவெளியார் வண்டியும் சுமையும் செல்ல வழி திறந்தவரே ஆவர். அவ்வழியே கும்பினியின் அதிகாரமும் ஏறிற்று. சல்லிவன்தாமும் தொதவரிடம் பரந்த நிலங்களைக் குறைந்த விலைக்குப் பெற்றார். எனினும், அம்மலை தொதவருக்கே உரியது, அரசாங்கம் அதனைத் தன் உடைமையெனக் கொள்ளலாகாது என்று அவர் பன்முறை வாதாடினார். கவர்னர் லஷிங்டன் இதனை ஏற்றாரில்லை. 1830-ஆம் ஆண்டில் மலையின் மேற்பகுதி கோயமுத்தூரினின்றும் பிரிக்கப்பட்டு மலபார் ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டது. நிலம் வாங்கியவரும் நிலத்துரிமைக்கு வாதாடியவரும் ஒருவரே என்னும் இம்முரண்பாட்டை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மாந்தர் வாழ்வு பெரும்பாலும் அத்தகையதே.

சல்லிவன் பின்னர்ச் சென்னையில் உயர்பதவி வகித்தார். 1838-ஆம் ஆண்டில் அவர்தம் மனைவியும் மகளும் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். உதகையிலுள்ள தூய ஸ்தேவான் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவ்விருவரும் துயில்கின்றனர். எம்மலையின் நலத்தை உலகறியச் செய்தாரோ அம்மலையிலேயே தம் அன்புடையாரைப் புதைத்துவிட்டு, 1841-ஆம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். ஆங்கும் வாளாவிருந்தாரல்லர், நம் நாட்டு மன்னர்களின் அரசுகளைக் கும்பினி கவர்ந்துகொள்வதைக் கண்டித்துப் பேசினார். 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் உயிர்நீத்தார்.

விடுமுறை நாட்களில் மலையேற விழையும் மாணவ நண்பர்காள்! முன் சென்றோரிடம் கேட்டறிதல், பருவம் பார்த்தல், மீண்டுஞ் சென்று ஆராய்தல் ஆகியவற்றைச் சல்லிவனிடம் நாம் கற்கலாம். செல்லுமிடம் யாருடையது, நாம் திறக்கும் வழியால் அவர்க்கு விளைவது யாது என்று புறப்படுமுன் எண்ணுதலையும் அவர் வரலாறே நமக்குக் கற்பிக்கின்றது. இவ்வெண்ணமின்றி வகுக்கும் பயணத்திட்டம், உணவும் போர்வையும் குறைவறக் கட்டினும், நிறைவுடையதாகாது.