கடல் கடந்த வங்கியாளர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, பந்தல்குடி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமியாகும். அதற்கு வடகிழக்கே, காரைக்குடியைச் சுற்றியமைந்த செட்டிநாடும் மழைவளம் குன்றியதே. முன்னாளில் இவ்விரு பகுதிகளும் இராமநாதபுர மாவட்டத்தில் ஒருங்கே அடங்கியிருந்தன. நிலத்தை மட்டும் நம்பி வாழ இயலாதார் பலர் கடல் கடந்தனர். அவ்வாறு பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்று பொருளீட்டிய நகரத்தார் மரபில், 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்.

அந்நாளில் நகரத்தார் அயல்நாட்டில் தொழில் நடத்திய முறையை மாணவர் அறிதல் நலம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்துடன் ஏஜெண்டு கப்பலேறுவார். பெரும்பாலும் மூன்றாண்டு அங்குத் தங்கிக் கொடுக்கல் வாங்கல் செய்து, கணக்கை ஒப்படைத்து மீள்வார். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துக்கள் கூடிய விலாசமே கடையின் பெயர். எம்.சிடி.எம். என்பதும் அத்தகைய விலாசமே. நாணயம் ஒன்றையே முதலாகக் கொண்ட அம்முறை வியப்புக்குரியது. ஆயினும் அதில் ஓர் இடர் இருந்தது. கடை நொடித்தால், கடன் முதலாளியின் வீட்டு வாயில் வரை வந்து நிற்கும்.

அவ்விடர் விரைவில் வெளிப்பட்டது. 1930ஆம் ஆண்டை அடுத்து உலகெங்கும் வணிகம் மந்தமாகி, நெல் விலை வீழ்ந்தது. கடனைத் தீர்க்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தவரிடம் வந்து சேர்ந்தன. 1937ஆம் ஆண்டளவில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்களுடையதாயிற்று. கையிலிருந்த ரொக்கம் நிலமாக முடங்கிற்று. அந்நாட்டாரின் மனமும் கசந்தது.

இளமையிலேயே தந்தையை இழந்து குடும்பத் தொழிலை ஏற்றிருந்த சிதம்பரம் செட்டியார், பழைய கடைமுறை இனிப் போதாது என்று துணிந்தார். பலர் பங்கு வாங்கி முதல் திரட்டும் கம்பெனியைச் சட்டம் தனியோர் ஆளாகக் கொள்ளும். பங்குதாரர் தம் பங்கின் அளவிற்கே பொறுப்பாவர். நாடு விட்டு நாடு பணம் மாற்றும் தொழிலோ அந்நாளில் பெரிதும் ஆங்கிலேய வங்கிகளின் கையிலிருந்தது. அத்துறையிற் புகுவதற்கென்றே அவர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் அது ஒருங்கே திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 28.

சரியாக ஐம்பதாம் நாள், ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது. இரங்கூன் கிளை இருந்த இடத்திலேயே அயல்நாட்டுக் கிளையாயிற்று! பின்னர்ப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிளைகள் தோன்றின. ஒரு நாட்டில் பதிவான கம்பெனி மற்றொரு நாட்டில் தொழில் செய்யப் புகின், அந்நாட்டுச் சட்டத்திற்கும் கட்டுப்பட வேண்டும். 1942இல் சிங்கப்பூரும் இரங்கூனும் சப்பானியர் வசமாயின. போர் ஓய்ந்தபின் வங்கி மீண்டும் தழைத்தது; 1947இல் பாங்காக்கிலும் கிளை கண்டது.

1954ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள், சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் விபத்துக்குள்ளாகித் தீப்பற்றியது. மாண்ட 33 பேருள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அவருக்கு வயது 45.

1963இல் பர்மிய அரசு வங்கிகளைத் தனதாக்கிக் கொண்டதால் இரங்கூன் கிளை கைவிட்டுப் போயிற்று. 1969இல் இந்திய அரசு இவ்வங்கியை நாட்டுடைமையாக்கியது. அதனால் ஒரு புதுச் சிக்கல் பிறந்தது: பிறநாட்டு அரசுக்கு உடைமையான வங்கி தன் மண்ணில் இயங்க மலேசியச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே 1973இல் மூன்று இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகளை ஒன்றுசேர்த்து, யுனைடெட் ஏசியன் வங்கி என்னும் புதிய கம்பெனியை அந்நாட்டிலேயே அமைத்தனர்.