கமலா வி. நிம்ப்கர்

கமலா வி. நிம்ப்கர் (1900 – 1979) இந்தியாவில் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சைக் கல்வியைத் தொடங்கி வைத்தவர் ஆவார். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த இவர், மும்பையிலும் நாக்பூரிலும் இத்துறைக்கான முதல் இரண்டு பள்ளிகளை நிறுவினார். 1952இல் அமைக்கப்பட்ட அனைத்திந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கத்தின் முதல் தலைவரும் இவரே. பணி உரிமமோ அதைப் புதுப்பிக்கும் விதியோ இல்லாத காலத்தில், பயிற்சி முடித்த சிகிச்சையாளர்கள் தொடர்ந்து கற்பதற்குரிய அமைப்புகளை உருவாக்கியது இவரது முதன்மையான பணியாகக் கருதத்தக்கது.

இளமையும் இந்திய வருகையும்

இவரது இயற்பெயர் எலிசபெத் லண்டி. அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் குவேக்கர் சமயப் பிரிவைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க் நகரிலுள்ள பர்னார்டு கல்லூரியில் பயின்றார். விஷ்ணு நிம்ப்கர் என்னும் இந்தியரை மணந்து 1930இல் இந்தியா வந்தார். கமலா என்னும் பெயரை ஏற்றுக்கொண்டு மும்பையில் (அன்றைய பம்பாய்) வாழத் தொடங்கினார். இவர்களின் மகன் பான்பிகாரி நிம்ப்கர் பின்னாளில் வேளாண் அறிவியலாளராகப் புகழ்பெற்றார்.

மீண்டும் மாணவியாதல்

1940களில், நாற்பது வயதைக் கடந்த நிலையில், கமலா அமெரிக்கா சென்று பிலடெல்பியா தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் மறுவாழ்வுத் தேவையை ஒட்டி 1918இல் தொடங்கப்பட்ட பள்ளி அது. பயிற்சியை முடித்துக்கொண்டு இந்தியா திரும்பினார்.

இச்சிகிச்சையின் பெயரில் உள்ள தொழில் என்னும் சொல் வேலைவாய்ப்பை மட்டும் குறிப்பதன்று. உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல், சமைத்தல் முதலிய அன்றாடச் செயல்கள் அனைத்தும் அதில் அடங்கும். எடுத்துக்காட்டாக, பழவேற்காடு போன்ற ஏரிக்கரை ஊரில் வாழும் மீனவர் ஒருவருக்குப் பக்கவாதத்தால் கை செயலிழந்தால், அக்கையை மேலும் கீழும் அசைக்க வைப்பதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. அவர் தாமே சட்டை அணியவும், சோறு பிசைந்து உண்ணவும், இயன்றால் வலையின் கிழிசலைச் சரிசெய்யவும் பழக்குவதே தொழில்வழிச் சிகிச்சையாளரின் பணி. செயலே இங்கு மருந்தாகவும் இலக்காகவும் அமைகிறது.

மும்பை, நாக்பூர் பள்ளிகள்

1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சைப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்துறைக்கு அமைந்த முதல் பள்ளி இதுவாகும். மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் பள்ளி அமைந்ததால், மாணவர்கள் ஏழை நோயாளிகளை நேரில் கண்டு பயில முடிந்தது. இளம்பிள்ளை வாதமும் தொழுநோயும் பலரின் கைகால்களை முடக்கியிருந்த காலம் அது. இரண்டாவது பள்ளி 1958இல் நாக்பூரில் நிறுவப்பட்டது.

சங்கமும் உலகக் கூட்டமைப்பும்

முதல் பள்ளி தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், அதாவது 1952இல், அனைத்திந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உலகத் தொழில்வழிச் சிகிச்சையாளர் கூட்டமைப்பு தோன்றியது. அதன் பத்து நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாகும். இக்கூட்டமைப்பு 1958இல் பள்ளிகளுக்கான குறைந்தபட்சக் கல்வித் தரத்தை வகுத்தது. இன்றைய தரத்தின்படி மாணவர் ஒருவர் குறைந்தது 1,000 மணி நேரம் களப்பயிற்சி பெற வேண்டும்.

இதழும் நூலும்

ஆசிய நாடுகளின் மறுவாழ்வுப் பணிகளைக் குறித்து மும்பையிலிருந்து வெளிவந்த ஆங்கில இதழ் ஒன்றுக்குக் கமலா ஆசிரியராகவும் இருந்தார். பெருநகரங்களுக்கு வெளியே பணியாற்றியவர்கள் புதிய முறைகளை அறிய அன்று இதழ்களையே பெரிதும் நம்பியிருந்தனர். இந்தியாவில் மறுவாழ்வுச் சிகிச்சை வளர்ந்த வரலாற்றைக் கூறும் இவரது ஆங்கில நூல், இவர் மறைந்த பின் 1980இல் வெளிவந்தது.

உரிமமும் தொடர்கல்வியும்

கமலா பணியாற்றிய காலத்தில், தொழில்வழிச் சிகிச்சையாளர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளத் தகுதியுடையவர் யார் என்பதை வரையறுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. பயிற்சி இல்லாத ஒருவர் பெயர்ப்பலகை வைத்தாலும், பயிற்சி பெற்ற ஒருவர் அதன்பின் எதையும் கற்காமல் இருந்தாலும் தடுக்க வழியில்லை. தவறான பயிற்சியால் மூட்டு மேலும் இறுகினால் இழப்பு நோயாளிக்கே. சட்டம் செய்ய வேண்டிய காவலைச் சங்கமும் மாநாடும் இதழும் தம்மால் இயன்ற அளவு செய்தன. ஆயினும் அவற்றில் பங்கேற்பது அவரவர் விருப்பமாகவே இருந்தது.

இவர் பிறந்த அமெரிக்காவிலும் நியூயார்க், புளோரிடா ஆகிய மாநிலங்கள் உரிமச் சட்டம் இயற்றியது 1975இல்தான். பின்னர் பிற மாநிலங்களும் சட்டம் இயற்றின. உரிமத்தைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி வேண்டும் என்னும் விதி பல மாநிலங்களில் வந்தது. அந்நாட்டுத் தேசியச் சான்றளிப்பு வாரியம், தன் சான்றிதழை மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க 36 தொழில்வளர்ச்சி அலகுகளைக் கேட்கிறது.

இந்தியாவில் தில்லிக்கான சட்டம் 1997ஆம் ஆண்டிற்கும், மகாராட்டிர மாநிலச் சட்டம் 2002ஆம் ஆண்டிற்கும் உரியவை. நாடு முழுமைக்குமான துணைநிலை மற்றும் உடல்நலப் பணியாளர் தேசிய ஆணையச் சட்டம் 2021இல் நிறைவேறியது. தொழில்வழிச் சிகிச்சையும் அதில் இடம்பெற்றுள்ளது. முதல் பள்ளிக்கும் இச்சட்டத்திற்கும் இடையே 71 ஆண்டுகள் கடந்திருந்தன.

மறைவும் நினைவும்

கமலா நிம்ப்கர் 1979இல் மறைந்தார். மகாராட்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்திலுள்ள பல்டண் ஊரில் கமலா நிம்ப்கர் பாலபவன் என்னும் பள்ளி இவர் பெயரால் நடைபெறுகிறது. அனைத்திந்தியச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கு இவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது. பயிற்சி முடித்துப் பல ஆண்டுகள் ஆன சிகிச்சையாளர்களும் அவ்விருதுக்காகப் புதிய ஆய்வுகளை முன்வைக்கின்றனர்.