சுரங்கத்திலிருந்து வந்த பொறியாளர்

1909ஆம் ஆண்டு ஜொகூர் இரயில்பாதை நிறைவடைந்தது. அதன்பின் பல்லாண்டுகள் குளுவாங்கைக் கடந்து ஓடியவை நீராவி வண்டிகளே. சட்டையில் கரி படிந்தாலும் அவற்றை மறக்க முடியாதவர்கள் பலர். அவ்வண்டிகளின் வரலாற்றில் பெரும் பங்கு ஜார்ஜ் ஸ்டீபன்சனுக்கு உண்டு.

1781இல் இங்கிலாந்தின் வைலம் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை, சுரங்க நீரிறைக்கும் இயந்திரத்திற்கு நெருப்பு மூட்டும் தொழிலாளி. பள்ளிக்கு அனுப்ப வசதியில்லை. பதினெட்டு வயதில் இரவு வகுப்பில் சேர்ந்த பின்பே ஜார்ஜ் எழுதப் படிக்கக் கற்றார். 1806இல் மனைவி இறந்தார். மகன் ராபர்ட்டுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. கூடுதல் வருமானத்திற்காக ஜார்ஜ் காலணி தைத்தார், கடிகாரம் பழுதுபார்த்தார்.

1815இல் சுரங்க வெடிப்பைத் தவிர்க்கும் விளக்கொன்றை உருவாக்கினார். அதே ஆண்டில் அறிவியலாளர் ஹம்ஃப்ரி டேவியும் ஒன்றை உருவாக்கியிருந்தார். படிக்காத தொழிலாளிக்கு இது எப்படிச் சாத்தியம் என்று ஐயுற்ற டேவியின் தரப்பினர், ஜார்ஜ்மீது திருட்டுப் பழி சுமத்தினர். உள்ளூர்க் குழு ஒன்று விசாரித்து, அது அவரது சொந்த முயற்சியே என உறுதிசெய்தது. ராபர்ட்டை நல்ல பள்ளியில் படிக்க வைத்த ஜார்ஜ், மகன் கொண்டுவந்த நூல்களைத் தாமும் உடன் அமர்ந்து படித்தார். பள்ளி ஒருவருக்கு, பாடம் இருவருக்கு!

1829இல் ரெயின்ஹில்லில் நடந்த போட்டியில் ஐந்து வண்டிகள் களமிறங்கின. அவர்களின் 'ராக்கெட்' மட்டுமே சோதனையை முழுமையாக முடித்தது. அதன் கொதிகலனுக்குள் 25 செப்புக் குழாய்கள் இருந்தன. அவற்றின் வழியே வெப்பம் பரவியதால் நீர் விரைந்து ஆவியானது.

ஜார்ஜ் 1848இல் காலமானார். 37 ஆண்டுகளுக்குப் பின், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் இரயில் ஓடத் தொடங்கியது.