செஞ்சதுக்கத்துப் பேராலயமும் பரனோவ்ஸ்கியும்

ரஷ்யா என்றவுடன் நம் எல்லாருடைய மனக்கண்ணிலும் ஒரே படம்தான் தோன்றும். வெங்காய வடிவில், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாமல், பல வண்ணங்களில் எழும்பி நிற்கும் கவிகைகள். அதை அரண்மனை என்று எண்ணிக்கொண்டவர்கள் நம்மில் பலர். அது மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் நிற்கும் ஆர்த்தடாக்ஸ் பேராலயம். 1552-இல் கசான் நகரை வென்றதற்கு நன்றிக்கடனாக மன்னர் நான்காம் இவான் 1555 முதல் 1561 வரை அதைக் கட்டுவித்தார். நடுவில் ஒன்றும் சுற்றிலும் எட்டுமாக ஒன்பது சிற்றாலயங்கள் ஒரே மேடையின்மேல் நிற்கின்றன. அன்னை மரியாவின் பாதுகாவலைக் கொண்டாடும் திருவிழாவின் பெயரே அதற்கு இடப்பட்ட பெயர். ஆனால் மக்கள் வாயில் நிலைத்ததோ வேறு பெயர். பனியிலும் வெறுங்காலோடு நடந்து, கிறிஸ்துவுக்காகப் பித்தரைப்போல் வாழ்ந்த வசீலி என்ற ஏழையின் கல்லறைமீது 1588-இல் பத்தாவது சிற்றாலயம் எழுந்தது. அன்றுமுதல் அது புனித வசீலி ஆலயம். நாம் திருவிழாக் கொண்டாடும் மறைவல்லுநர் புனித பெரிய பசிலியார் வேறு, இவர் வேறு.

மன்னரின் வெற்றிச் சின்னம் ஓர் ஏழையின் பெயரால் அழைக்கப்படுவது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இந்த ஆலயம் இன்றும் நிற்பதை நினைக்கும்போது நாம் அறியவேண்டிய இன்னொருவரும் இருக்கிறார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். பியோத்தர் பரனோவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர்.

1892-இல் ஸ்மொலென்ஸ்க் பகுதியின் ஒரு சிற்றூரில் குடியானவர் குடும்பத்தில் பிறந்தார். மாஸ்கோவில் கட்டடத் தொழில் படித்துக்கொண்டிருந்தபோதே, சொந்த மாநிலத்தில் இருந்த போல்தினோ துறவுமடத்தின் பழைய கட்டடங்களை அளந்து வரையத் தொடங்கினார். அந்த அளவெடுக்கும் பழக்கம் சாகும்வரை அவரை விடவில்லை. புரட்சிக்குப் பின் ரஷ்யாவின் வடபகுதிகளில் பயணம் செய்து, மரத்தால் கட்டப்பட்ட பழைய கோவில்களை ஒவ்வொன்றாக அளந்து பதிவுசெய்தார். அவற்றில் பல பின்னர் அழிந்தன. 1924-இல் மாஸ்கோவுக்கு அருகே கொலோமென்ஸ்கோயே என்ற இடத்தில் அருங்காட்சியகம் ஒன்றை உருவாக்கி, பழைய மரக் கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தும் பணியைத் தொடங்கினார்.

அவருடைய முறையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். பழைய ஆலயங்களின் வெளிச்சுவரில் இருந்த செங்கல் வேலைப்பாடுகளைப் பிற்காலத்தவர் வெட்டிச் சமப்படுத்திப் பூசிவிடுவது வழக்கம். முகப்பு போய்விட்டாலும், அந்தச் செங்கல்லின் பின்பாதி சுவருக்குள் பதிந்தே கிடக்கும். பரனோவ்ஸ்கி பூச்சை நீக்கி அந்த வாற்பகுதியைத் தேடிப்பிடிப்பார். அது எந்தக் கோணத்தில், எவ்வளவு அகலத்தில் கிடக்கிறதோ அதைக்கொண்டு இழந்த வடிவத்தைக் கணக்கிட்டு, அதே அளவில் செங்கலை நீட்டிக் கட்டுவார். கற்பனைக்கு அங்கே இடமில்லை. பழைய கோவிலைப் புதுப்பிக்கிறோம் என்று ஓடு பதித்து வண்ணம் அடித்துவிடும் நமக்கு இந்தப் பொறுமை கொஞ்சம் வியப்பாகத்தான் இருக்கும்.

இம்முறையில் அவர் 1925 முதல் சீரமைத்துவந்தது செஞ்சதுக்கத்தின் மறுகோடியில் இருந்த கசான் அன்னை பேராலயம். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஆலயம் ரஷ்ய மக்கள் மிகவும் போற்றும் கசான் அன்னையின் திருப்படத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்திருப்படத்தின் பழம் பிரதி ஒன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் இல்லத்தில் இருந்ததையும், 2004-இல் அவர் அதை ரஷ்யத் திருச்சபைக்குத் திருப்பி அனுப்பியதையும் நம் வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம்.

ஆனால் காலம் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆலயங்கள் மூடப்பட்டன, மணிகள் இறக்கப்பட்டன. 1931 டிசம்பரில் மாஸ்கோவின் மீட்பராம் கிறிஸ்து பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. செஞ்சதுக்கத்தில் அணிவகுப்புகளுக்கு இடம் தேவைப்பட்டது. புனித வசீலி ஆலயமும் அந்தக் கண்ணில் பட்டது. இடிப்பதற்கு முன் அதை அளந்து தரும்படி பரனோவ்ஸ்கியைக் கேட்டார்கள் என்றும், அவர் மறுத்துவிட்டார் என்றும், இடித்தால் உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஆலயத்துக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொண்டார் என்றும் சிலர் சொல்வார்கள். கதை பல வடிவங்களில் உலவுகிறது. வாழ்நாள் முழுதும் அளப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதர், அந்த ஒரு கட்டடத்தை மட்டும் அளக்க மறுத்தார் என்பதே நம்மை நிறுத்துகிறது. அங்கே அளவெடுப்பது இடிக்கச் சம்மதிப்பதாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1933 அக்டோபரில் அவர் கைதானார். பழம் பொருள்களைக் காத்த அறிஞர்கள் பலர் கைதான காலம் அது. ஆகவே இந்த ஒரு மறுப்பே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அரசுக்கு எதிரானவர் என்ற குற்றச்சாட்டில் மூன்றாண்டு தண்டனை விதிக்கப்பட்டு, சைபீரியாவின் மரீன்ஸ்க் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அதற்குமுன் மனைவியைச் சந்திக்க அனுமதி கிடைத்தபோது, அவர் முதலில் கேட்டது ஆலயம் இடிக்கப்பட்டுவிட்டதா என்பதுதானாம். இடிக்கவில்லை. கடைசிவரை அது இடிக்கப்படவில்லை.

கசான் அன்னை பேராலயத்துக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. 1936-இல் பரனோவ்ஸ்கி விடுதலையாகி வந்தபோது அதை இடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்கோவில் தங்க அவருக்கு அனுமதி இல்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அலெக்சாந்திரவ் என்ற ஊரில் வாழ்ந்து, நாள்தோறும் மாலையில் அதிகாரிகள்முன் வருகையைப் பதிவுசெய்யவேண்டும். அவரோ காலையில் தொடர்வண்டி ஏறி மாஸ்கோவுக்கு வந்து, இடிபாடுகளுக்கு நடுவே அளவெடுத்துக் குறித்துக்கொண்டு, பதிவுநேரத்துக்குள் திரும்பிவிடுவார். பிடிபட்டால் மீண்டும் முகாம்தான். பல ஆண்டுகள் பாடுபட்டுத் தம் கையால் பழைய உருவுக்குக் கொண்டுவந்த ஆலயம் செங்கல் செங்கல்லாகச் சரிவதை அருகில் நின்று அளப்பது எத்தகைய வேதனை! புனித வசீலி ஆலயத்தில் அளக்க மறுத்தவர், இங்கே தண்டனைக்குத் துணிந்து அளந்தார். அந்த அளவுகள் என்றாவது ஒருநாள் யாருக்காவது பயன்படும் என்பதற்கு அன்று எந்த அறிகுறியும் இல்லை.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. 1943-இல் உக்ரைனின் செர்னிகிவ் நகரில், போரில் குண்டுவீச்சால் சிதைந்த பழமையான பியாத்னித்ஸ்கா ஆலயத்தைக் காக்க விரைந்தார். அக்காலத்துத் தட்டைச் செங்கல்லைப்போலவே புதிதாகச் சுடச்செய்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்து அதை எழுப்பினார். திருப்பட ஓவியர் அந்திரேய் ருப்லேவ் வாழ்ந்த மாஸ்கோ அந்திரோனிக்கவ் துறவுமடத்தைக் காத்து, அருங்காட்சியகமாக்கப் பாடுபட்டவர்களிலும் அவர் ஒருவர். கடைசி ஆண்டுகளில் பார்வை மங்கிப்போனது. 1984 ஜூன் மாதம் இறந்தார். மாஸ்கோவின் தோன்ஸ்கோய் துறவுமடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1990-இல், கசான் அன்னை பேராலயத்தை அதே இடத்தில் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். பணியை நடத்தியவர் அவருடைய மாணவர் ஒலேக் ஜூரின். கையில் இருந்தவை பரனோவ்ஸ்கியின் அளவுகளும் வரைபடங்களும். 1993 நவம்பர் 4 அன்று, கசான் அன்னையின் திருநாளில், ஆலயம் மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது. சதுக்கத்தின் மறுகோடியில் உள்ள புனித வசீலி ஆலயத்திலும் அதற்குள் வழிபாடு திரும்பியிருந்தது.