ஹோமி பாபா: கடற்கரை மணலைக் கப்பலேற விடாத விஞ்ஞானி!

மின்சார கார் மோட்டார், செல்போன் ஸ்பீக்கர், ஏவுகணை... இந்த மூன்றிலும் இருக்கிற சக்திவாய்ந்த காந்தத்துக்கு அரிய மண் தனிமங்கள் தேவை. 2025 ஏப்ரலில் அவற்றில் சிலவற்றின் ஏற்றுமதிக்கு சீனா கட்டுப்பாடு போட்டதும், இந்திய வாகன நிறுவனங்கள் தவித்துப் போயின. இப்படி ஒரு சிக்கல் வரும் என முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே யோசித்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

யார் இவர்?

1909 அக்டோபர் 30-ல் மும்பையின் வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அதே வருஷம்தான், அப்போது திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். மோனசைட்டுக்குள் அரிய மண் தனிமங்களும் இருக்கும், தோரியமும் இருக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் செய்ய தோரியம் தேவைப்பட்டதால், மணல் அப்படியே கப்பலேறிப் போனது.

கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படிக்கப் போன பாபா, இயற்பியல் பக்கம் திரும்பினார். 1939-ல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. பெங்களூருவில் சி.வி.ராமனோடு பணி, 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், 1948-ல் அணுசக்தி ஆணையத்தின் தலைவர் என வேகமாக வளர்ந்தார்.

மணலில் என்ன கணக்கு?

இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் ஏராளம். தோரியம் நேரடியாக எரிபொருள் ஆகாது. அணு உலையில் வைத்து யுரேனியம்-233 ஆக மாற்ற வேண்டும். அதற்குத்தான் பாபா மூன்று கட்டத் திட்டம் போட்டார். முதலில் யுரேனியம், அடுத்து அதிலிருந்து கிடைக்கும் புளூட்டோனியம், கடைசியில் தோரியம். மணல் வெளியே போனால் கடைசிக் கட்டமே காலி!

அதனால் மணலாக விற்கக் கூடாது, இங்கேயே பிரிக்கணும் என்பதில் உறுதியாக இருந்தார். 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கேரளத்தின் ஆலுவாவில் கட்டிய ஆலையை 1952 டிசம்பரில் நேரு திறந்தார். 1955-ல் டிராம்பேயில் தோரியம் ஆலையும் வந்தது.

கோதுமையா, மோனசைட்டா?

இடையில் பெரிய சோதனை. 1951-ல் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். 20 லட்சம் டன் தானியம் கேட்டது இந்தியா. பதிலுக்கு மோனசைட் வேண்டும் என அமெரிக்க நாடாளுமன்றத்தில் சிலர் அழுத்தம் கொடுத்தார்கள். பசியில் இருக்கும் நாடு மறுப்பது சாதாரண விஷயமில்லை. ஆனாலும் நேரு அரசு இரண்டையும் முடிச்சுப்போட மறுத்தது. கடைசியில் 19 கோடி டாலர் கடனில் கோதுமை வந்தது, மணல் மீதான தடையும் நீடித்தது.

1966 ஜனவரி 24-ல் மோன் பிளாங்க் மலையில் ஏர் இந்தியா விமானம் மோதியதில் பாபா இறந்தார். வயது 56.

மிச்சம் என்ன?

மணலைக் காத்தாச்சு, தனிமங்களைப் பிரிக்கவும் கற்றாச்சு. ஆனால், காந்தம்? அதற்கான சிறிய ஆலை விசாகப்பட்டினத்தில் வந்ததே 2023-ல்தான். இன்றும் பெரும்பாலான காந்தங்கள் இறக்குமதிதான். கனிமம் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, கடைசிப் பொருள் வரை இங்கேயே செய்யணும். பாபா தொடங்கிய சங்கிலியில் விடுபட்ட கண்ணி அதுதான்.