கணித மேதை இராமானுஜன்

நாமக்கல் மலைக்கோட்டையின் அடியில் நாமகிரித் தாயார் கோயில் கொண்டுள்ளாள். அத்தாயை வழிபட்டு வந்த கோமளத்தம்மாளுக்கு, 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், காவிரியின் மறுகரையிலுள்ள ஈரோட்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவே இராமானுஜன்.

தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கர். அவ்வூர் நகர உயர்நிலைப் பள்ளியில் இராமானுஜன் கணிதப் பரிசு பெற்றபோது, தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணவனுக்குப் போதாது என்று அவையோர் முன் பாராட்டினார்.

1904-இல் உதவித்தொகையுடன் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் அவரை முற்றும் ஆட்கொண்டது. பிற பாடங்களை அவர் ஏறெடுத்தும் பார்த்திலர். ஆங்கிலக் கட்டுரையில் தவறவே, உதவித்தொகை பறிபோயிற்று. வறிய குடும்பத்திற்கு அது பேரிடி. நாணமுற்ற இளைஞர் ஒருவரிடமும் சொல்லாது விசாகப்பட்டினத்திற்கு ஓடிவிட்டார்.

பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கரும்பலகை நிறைய ஆசிரியர் செய்த கணக்கை இராமானுஜன் சில வரிகளில் முடித்துக் காட்டுவார். ஆசிரியரும் சினவாது கேட்பார். பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் அவரை உடன் அமர்த்திக்கொண்டு அரிய கணக்குகளை ஆராய்ந்தார். ஆயினும் உடலியல் முதலிய பாடங்களில் அவர் தேறவில்லை. 1907-இலும் தோல்வியே. அவர்மீதும் குறை உண்டு; எனினும், எல்லாரையும் ஒரே படியால் அளந்த அத்தேர்வு முறையில் அவருக்கு இடமே இல்லை.

1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு, கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதியனுப்பினார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்காக விதியைத் தளர்த்தி, திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. தாயார் கடல் கடக்க முதலில் இசையவில்லை. கனவில் நாமகிரித் தாயின் ஆணை கிடைத்த பின்னரே விடைகொடுத்தார் என்பர்.

1914-இல் இங்கிலாந்து சென்ற இராமானுஜனைக் கண்டு ஹார்டி வியந்தார், கவலையும் கொண்டார். பிறர் கண்டறியாத உண்மைகளைக் கண்ட அவருக்கு, அவற்றை முறைப்படி நிறுவும் வழி தெரியவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்பிக்கத் தொடங்கினால் அவருடைய ஊக்கம் குன்றிவிடும். கற்பிக்காது விடவும் இயலாது. ஆகவே, வேண்டியவற்றை மட்டும் சிறிது சிறிதாகப் பயிற்றினார். தாம் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே மிகுதி என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். இருமுறை தேர்வில் தவறியவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. 1918-இல் இலண்டன் இராயல் கழகம் உறுப்பினராக்கியது.

உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய இராமானுஜன், 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதிலேயே மறைந்தார். நோய்ப்படுக்கையில் எழுதிய தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் கிடைத்தன. கணித அறிஞர்கள் அவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர்.